வீட்டுப் பட்டறையில் சி.என்.சி. பிளாஸ்மா மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டின் பின்புறம் பயன்பாடின்றிக் கிடந்த மாட்டுக்கொட்டகையைத் தகரக் கூரையும் சிமெண்ட் தரையும் போட்டுப் பட்டறையாக்கி, நாலுக்கு நாலு அடி வெட்டுப்பரப்புள்ள சி.என்.சி. பிளாஸ்மா மேசை ஒன்றை, அதாவது கணினி சொல்லும் பாதையில் நகர்ந்து உலோகத் தகட்டை வெட்டும் இயந்திரம் ஒன்றை, அதில் நிறுவினேன். அன்று முதல் பார்க்க வருபவர்கள், கேட் கிரில் செய்பவரானாலும் கல்லூரி மாணவரானாலும், ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் 45 ஆம்பியர் வகையைச் சேர்ந்த இயந்திரங்களுக்கு உரியவை. வீட்டுப் பட்டறைக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அரிது.

இதுவும் கேஸ் கட்டிங் மாதிரிதானே? புதிதாக என்ன இருக்கிறது?

கேஸ் கட்டிங்கில் இரும்பை முதலில் செஞ்சூடாக்கி, அதன் மேல் ஆக்சிஜனைப் பீய்ச்சுகிறோம். உண்மையில் அங்கே இரும்பு எரிந்துதான் வெட்டுப்படுகிறது. அதனால்தான் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), அலுமினியம் ஆகியவற்றிடம் அது தோற்றுவிடுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் அதன் மேல் படியும் ஆக்சைடு 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். பிளாஸ்மாவில் எரிப்பு தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்று நாசில் என்னும் முனையின் சிறு துளை வழியே போகும்போது மின்வில் (ஆர்க்) அதை அயனியாக்குகிறது. பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள அந்தத் தாரை உலோகத்தை உருக்கி, அதே வேகத்தில் கீழே தள்ளிவிடுகிறது. மின்சாரம் கடத்தும் எந்த உலோகத்தையும் இப்படி வெட்டலாம்.

1950களின் நடுவில் அமெரிக்காவில் உருவான முறை இது. சி.என்.சி. மேசை செய்வது ஒன்றே ஒன்றுதான்: கையால் பிடித்த டார்ச்சை (தாரையைப் பாய்ச்சும் வெட்டுமுனையை) மோட்டார்கள் பிடித்துக்கொள்கின்றன. கை நடுக்கம் போய்விடும். மற்றத் தவறுகள் எல்லாம் அப்படியே இருக்கும், அவை இன்னும் வேகமாக நடக்கும்.

எத்தனை மில்லி தகடு வரை வெட்டும்? கடைக்காரர் 25 மில்லி என்கிறாரே?

விளம்பரத் தாளில் மூன்று வெவ்வேறு எண்கள் இருக்கும், பெரிய எழுத்தில் அச்சாவது அவற்றுள் பெரியது மட்டுமே. பரவலாகப் பயன்படும் ஹைப்பர்தெர்ம் பவர்மேக்ஸ் 45 எக்ஸ்.பி.யை எடுத்துக்கொண்டால், எப்படியாவது துண்டித்துவிடும் தடிமன் 29 மி.மீ., ஒழுங்காக வெட்டும் தடிமன் 16 மி.மீ., தகட்டின் நடுவில் துளைத்து உள்ளே இறங்கக்கூடிய தடிமன் 12 மி.மீ. என்று தயாரிப்பாளரே பிரித்துச் சொல்கிறார்.

மேசைக்கு அந்த மூன்றாவது எண்தான் கணக்கு. கையால் வெட்டும்போது தகட்டின் விளிம்பிலிருந்து தொடங்கலாம். மேசையில் ஏறத்தாழ ஒவ்வொரு வெட்டும் தகட்டின் நடுவில் துளையிட்டே தொடங்குகிறது. ஆகவே “துளைக்கும் தடிமன் எவ்வளவு?” என்று கேட்டு வாங்குங்கள். நடைமுறையில் என் வேலையில் பெரும்பகுதி 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. முதல் 6 மி.மீ. வரைதான்.

வீட்டு மின் இணைப்பிலேயே ஓடுமா?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 45 ஆம்பியர், 145 வோல்ட் வெளியீடு என்றால் ஆறரை கிலோவாட். உள்ளே 230 வோல்ட் ஒற்றைப் பேஸில் அது சுமார் 32 ஆம்பியர் இழுக்கும். இதனுடன் 3 எச்.பி. கம்ப்ரசர் இரண்டேகால் கிலோவாட்டும் மேசையின் மோட்டார்களும் சேர்ந்தால் 9 கிலோவாட்டைத் தாண்டிவிடுகிறோம். உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த சுமை எவ்வளவு என்று முதலில் அட்டையில் பாருங்கள். குறைவாக இருந்தால் கூட்டி வாங்கிய பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள். மீட்டரிலிருந்து பட்டறைக்கு தனி பிரேக்கர், தடிமனான செம்புக் கம்பி, பட்டறைக்கென்று தனி எர்த் குழி ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு போட வேண்டும். அந்த எர்த் குழி எதற்கு என்பது பின்னால் கணினி நின்றுபோகும் கேள்வியில் விளங்கும்.

லேசர் இருக்கும் காலத்தில் பிளாஸ்மா எதற்கு?

சன்னமான வேலைப்பாடும் மயிரிழைத் துல்லியமும் வேண்டுமானால் லேசரே சிறந்தது. அதில் மாற்றுக் கருத்து எனக்கு இல்லை. 2 மி.மீ. தகட்டில் நகை போன்ற ஜாலி (துளை வேலைப்பாட்டுத் தட்டி) கேட்பவரை நான் லேசர் கடைக்கே அனுப்பிவிடுகிறேன். ஆனால் துருப்பிடித்த பழைய தகடு, பெயின்ட் அடித்த தகடு, 8 மி.மீ. பேஸ் பிளேட் ஆகியவற்றை முகம் சுளிக்காமல் வெட்டுவது பிளாஸ்மா. அதன் வெட்டு அகலம் சுமார் ஒன்றரை மி.மீ. என்பதை மனத்தில் வைத்தே வரைய வேண்டும்.

வீட்டில் இருக்கும் சின்னக் கம்ப்ரசர் போதாதா?

பெரும்பாலும் போதாது. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள், ஏனெனில் மேசையைக் குறை சொல்லி என்னிடம் வருபவர்களில் பாதிப்பேரின் நோய் காற்றில்தான் இருக்கிறது. மேலே சொன்ன 45 ஆம்பியர் இயந்திரம் ஏறக்குறைய 6 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 188 லிட்டர் காற்றைத் தொடர்ந்து கேட்கும். கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருக்கும் எண் பிஸ்டன் விழுங்கும் அளவைக் குறிக்கிறது. குழாய் முனைக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. அதனால் 3 எச்.பி.க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

அளவைவிடப் பெரிய சிக்கல் ஈரம். நம் ஊர்ப் புழுக்கத்தில், 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி கலந்திருக்கும். நிமிடத்துக்கு 188 லிட்டர் என்றால் மணிக்கு 11 கன மீட்டருக்கு மேல். அதாவது ஒரு மணி நேர வெட்டுக்குக் கால் லிட்டர் தண்ணீரைக் கம்ப்ரசர் உள்ளே இழுக்கிறது. ஐப்பசி மழையில் ஒருநாள் டாங்கின் அடித்திருகைத் திறந்தபோது துருக்கலந்த தண்ணீர் ஒரு சொம்பு வழிந்தது. டாங்கில் தங்காத மிச்சம் டார்ச்சுக்குப் போகிறது; அங்கே வில் பச்சையாகித் தெறிக்கும், ஒரு வாரம் உழைக்க வேண்டிய நாசில் ஒரு பிற்பகலில் வாய் பிளந்துவிடும்.

காற்று சூடாக இருக்கும்போது வடிகட்டியால் நீராவியைப் பிடிக்க முடியாது. எனவே கம்ப்ரசருக்கும் வடிகட்டிக்கும் இடையில் காற்று குளிர்வதற்குப் பத்துப் பதினைந்து மீட்டர் உலோகக் குழாயைச் சுவரில் ஏறி இறங்கும்படி ஓட்டி, ஒவ்வொரு அடிமுனையிலும் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். அதற்குப் பிறகு நீர்ப்பிரிப்பான், எண்ணெய் வடிகட்டி, கடைசியாகச் சிலிக்கா ஜெல் உலர்த்தி. வசதி இருந்தால் குளிர்பதன உலர்த்தியே வாங்கிவிடலாம். மேசையில் ஓர் அடி குறைத்தாவது இந்தச் செலவைச் செய்யச் சொல்வேன்.

மேசைக்கு அடியில் தண்ணீர் வைக்க வேண்டுமா, காற்றை உறிஞ்சினால் போதுமா?

வீட்டோடு ஒட்டிய பட்டறைக்குத் தண்ணீர்த் தொட்டியே ஏற்றது. உருகிய கசடும் புகைத்தூளும் அதில் அடங்கிவிடும். இல்லையேல் கருப்புத் துகள் கொடியில் காயும் துணி வரை போய்ப் படியும், அதன் பின் வீட்டுக்குள் நமக்கு மரியாதை இருக்காது. தகடு வெப்பத்தில் நெளிவதும் ஓரளவு குறையும். துரு தடுக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்துகொள்ள வேண்டும், வேலையில்லாத வாரங்களில் தொட்டியை வடித்துவிட வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீர் டெங்குக் கொசுவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் மேசையில் அலுமினியம் வெட்டுவது மட்டும் ஆபத்து. உருகி விழும் அலுமினியத் துகள் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். அது தகட்டுக்கு அடியில் குமிழாகத் தேங்கி, அடுத்த பொறியில் வெடிக்கக்கூடும். வெட்டி முடித்த பிறகும் தொட்டியின் அடியில் உள்ள துகள்கள் மணிக்கணக்கில் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே தொட்டியை வடித்துக் கழுவிய பிறகு நல்ல காற்றோட்டத்தில் மட்டும் அலுமினியத்தைத் தொடுங்கள்.

கணினியில் என்னென்ன மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்?

மூன்று படிகள் உண்டு. படத்தை வரைய ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப் போன்ற ஒன்று. வரைந்த கோட்டை டார்ச்சின் பாதையாக மாற்ற ஷீட்கேம் போன்ற ஒன்று. அந்தப் பாதையை மோட்டார்களுக்குச் சொல்ல மேக்3 அல்லது லினக்ஸ் சி.என்.சி. போன்ற ஒன்று. நடுவில் இருப்பதுதான் மூளை. வெட்டு அகலத்தில் பாதியைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது, துளையிடும் இடத்தைப் பொருளுக்கு வெளியே வைத்து அங்கிருந்து கோட்டுக்குள் நுழைவது, உள்துளைகளை முதலிலும் வெளிவரம்பைக் கடைசியிலும் வெட்டுவது எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன.

வெளிவரம்பை முதலில் வெட்டினால் பொருள் சட்டத்தைவிட்டு விடுபட்டுச் சாய்ந்துவிடும். பிறகு அதில் போடும் துளை எங்கே விழும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வீட்டுப் பெயர்ப் பலகையைத் தமிழில் வெட்டினால் எழுத்து உடைந்து வருகிறதே?

இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இங்கே கலந்திருக்கின்றன. முதலாவது, பல வரைவு மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. “கொடி” என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு எழுத்துருவில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, அதன்பின் டி.எக்ஸ்.எஃப். கோப்பாகச் சேமித்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, சுழிகள். “அன்னை இல்லம்” என்பதைத் தகட்டில் ஓட்டையாக வெட்டினால், இரண்டு சுழி “ன”வின் சுழிக்குள் இருக்கும் தகடும், “இ”, “ல” ஆகியவற்றின் வயிற்றில் இருக்கும் தகடும் பிடிமானமின்றித் தண்ணீருக்குள் விழுந்துவிடும். ஆங்கில எழுத்துகளுக்குப் பாலம் (உள்தகட்டை வெளித்தகட்டோடு பிடித்து நிறுத்தும் சிறு பட்டை) வைத்த ஆயத்த எழுத்துருக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, தமிழுக்கு நாமே ஒவ்வொரு சுழியிலும் பாலம் வரைய வேண்டியிருக்கிறது. 2 மி.மீ. தகட்டில் பாலம் 3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கண்ணுக்கு உறுத்தாத இடம், எழுதும்போது பேனா சுழித்துத் திரும்பும் இடம். அங்கே வைத்தால் பாலமும் எழுத்தின் வளைவோடு ஒட்டிப் போகும்.

டார்ச் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவி அவசியமா? அதில்லாத மேசை மலிவாகக் கிடைக்கிறது.

அவசியம். டார்ச் முனைக்கும் தகட்டுக்கும் இடையே வெட்டும்போது இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 1.5 மி.மீ. மட்டுமே. துளையிடும்போது அதே டார்ச் 3.8 மி.மீ. உயரத்தில் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே தெறிக்கும் உருகிய இரும்பு நாசிலை அடைத்துவிடும். கடையிலிருந்து வரும் 8க்கு 4 அடித் தகடு ஒன்றும் கண்ணாடிபோல் சமமாக இருப்பதில்லை. வெட்ட வெட்ட வெப்பத்தில் இன்னும் நெளிகிறது. அந்த நெளிவைக் கை உணர்ந்து ஈடுகட்டும், மேசைக்கு அந்த உணர்வைத் தருவது இந்தக் கருவிதான்.

அது தூரத்தை அளப்பதில்லை, வில்லின் வோல்ட்டேஜை அளக்கிறது. வில் நீண்டால் வோல்ட் ஏறும், குறுகினால் இறங்கும். ஏறத்தாழ பத்து வோல்ட் ஏறினால் டார்ச் ஒரு மி.மீ. உயர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இதில் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. மூலைகளிலும் சிறு துளைகளிலும் மேசை வேகம் குறைக்கும்போதும் வோல்ட் ஏறும். டார்ச் உயர்ந்துவிட்டதாக எண்ணிக் கருவி அதை இறக்கித் தகட்டில் முட்டவைத்துவிடும். ஆகவே அந்த இடங்களில் உயரத்தை உறையவைக்கும்படி அமைக்க வேண்டும்.

அடிப்பக்கம் கசடு ஒட்டிக்கொண்டு கிரைண்டர் போட்டு மாளவில்லை. என்ன செய்வது?

கசட்டைத் தட்டிப் பாருங்கள், காரணத்தை அதுவே சொல்லும். தடித்துக் குமிழ் குமிழாக இருந்து, உளியால் நெம்பினாலே பட்டையாக உரிந்து வந்தால் வேகம் குறைவு. மெல்லிய நூல்போல் விளிம்பில் இறுகிக்கொண்டு கிரைண்டருக்குத்தான் அசையும் என்றால் வேகம் அதிகம். 3 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) தகட்டுக்கு 45 ஆம்பியரில் நிமிடத்துக்கு மூன்று முதல் நான்கு மீட்டர் வேகம் வேண்டும். பயந்து பயந்து ஒரு மீட்டரில் ஓட்டுபவருக்கு முதல் வகைக் கசடு நிச்சயம். இயந்திரத்தின் கையேட்டில் தடிமன்வாரியாக அட்டவணை இருக்கும், அதிலிருந்து தொடங்கி ஐந்து ஐந்து சதவீதமாக மாற்றுங்கள். அட்டவணையைப் பின்பற்றியும் கசடு வந்தால், உயரத்தையும் காற்றையும் பற்றி முன்பு சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள்.

ஒரு விளிம்பு நேராகவும் மறு விளிம்பு சரிவாகவும் வருகிறது. மேசை கோணலா?

பெரும்பாலும் மேசையின் மேல் பழியில்லை. டார்ச்சுக்குள் காற்று சுழன்றுகொண்டே இறங்குவதால், டார்ச் நகரும் திசைக்கு வலப்பக்கம் உள்ள விளிம்பு நேராகவும் இடப்பக்க விளிம்பு சற்றுச் சரிவாகவும் அமையும். நமக்கு வேண்டிய பொருள் எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். அதாவது வெளிவரம்பைக் கடிகாரச் சுற்றிலும் உள்துளைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் ஒரே திசையில் சரிந்தால் டார்ச் செங்குத்தாக நிற்கவில்லை. மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

போல்ட் துளைகள் வட்டமாக வருவதில்லை. ஆம்பியரைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். தகட்டின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு விட்டமாவது உள்ள துளைகளையே பிளாஸ்மாவில் எதிர்பார்க்கலாம். 6 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை அந்த எல்லையில் நிற்கிறது. அதையும் வழக்கமான வேகத்தின் 60 சதவீதத்தில், முன்பு சொன்னபடி உயரத்தை உறையவைத்து, துளையின் மையத்தில் குத்தித் தொடங்க வேண்டும்.

அதைவிடச் சிறிய துளைக்கு டிரில்தான். “முதலில் பிளாஸ்மாவில் சிறிதாக ஓட்டை போட்டு, பிறகு டிரில் பிட்டால் பெரிதாக்கலாமே” என்று தோன்றும். நானும் அப்படிச் செய்து இரண்டு பிட்டுகளை மழுங்கடித்தேன். காற்றில் உள்ள நைட்ரஜன் வெட்டு விளிம்பில் ஏறி அதைக் கடினமாக்கிவிடுகிறது. இதே நைட்ரஜன் வெல்டிங்கில் ஊசித்துளைகளையும் உண்டாக்கும் என்பதால், பற்றவைக்கும் விளிம்பை ஒருமுறை கிரைண்டரால் தேய்த்துவிடுவது நல்லது.

துளைக்கத் தொடங்கியதும் கணினி நின்றுவிடுகிறது, சில நேரம் மேசை தானாக நகர்கிறது. வைரஸா?

மின் இரைச்சல். வில்லைப் பற்றவைக்க உயர் அதிர்வெண் மின்பொறியைப் பயன்படுத்தும் மலிவான இயந்திரங்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் சிறு வானொலி நிலையமாக மாறிவிடுகின்றன. சி.என்.சி.க்கு வாங்குவதானால், எலக்ட்ரோடும் (டார்ச்சுக்குள் வில் கிளம்பும் செம்பு முனை) நாசிலும் தொட்டு விலகி வில்லைத் தொடங்கும் வகையையே வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மேசைச் சட்டம், கட்டுப்பாட்டுப் பெட்டி, பிளாஸ்மா இயந்திரம் ஆகிய மூன்றின் எர்த் கம்பிகளையும் சங்கிலிபோல் கோக்காமல், தனித்தனியே ஒரே முனையில் சேர்த்து எர்த் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். தகட்டை இயந்திரத்தோடு மின்சுற்றில் இணைக்கும் வேலைக் கிளாம்பை, துருவைச் சுரண்டிவிட்டுத் தகட்டிலேயே கடிக்கவிட வேண்டும். தகட்டைத் தாங்கும் கசடு படிந்த பட்டைகள் வழியே போகும் மின்சாரத்தை நம்பக் கூடாது.

என் மேசையில் ஓர் அச்சு மட்டும் அவ்வப்போது எல்லையைத் தொட்டுவிட்டதாகச் சொல்லி நின்றுகொண்டிருந்தது. ஒரு நாள் முழுவதும் மென்பொருளைக் குடைந்த பிறகு, எல்லைச் சுவிட்சின் கம்பியை அழகுக்காக டார்ச் கேபிளோடு சேர்த்து டை போட்டு வைத்திருந்தது கண்ணில் பட்டது. ஒரு சாண் தள்ளிக் கட்டியதும் சரியாகிவிட்டது.

எலக்ட்ரோடை எப்போது மாற்ற வேண்டும்? நெருப்பு வருகிறவரை ஓட்டலாம் என்கிறார்களே?

எலக்ட்ரோடின் செம்பு முனை நடுவில் கடுகளவு ஹாஃப்னியம் பதித்திருக்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் அது துளித்துளியாகக் கரைந்து குழியாகிறது. குழி 1.6 மி.மீ. ஆழமானால் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் செம்பு உருகி, கூடவே நாசிலும் போகும். நாசிலின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவாகிவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

குழி ஆழமாக ஆக வில் நீளமாகிறது. வில் நீண்டால் வோல்ட் ஏறும், வோல்ட் ஏறினால் உயரக் கருவி டார்ச்சை இறக்கும் என்று முன்பே பார்த்தோம். எனவே நேற்று வரை ஒழுங்காக வெட்டிய அதே அமைப்பில் இன்று டார்ச் தகட்டை உரசிக்கொண்டு போனால், அமைப்பை மாற்றும் முன் எலக்ட்ரோடைக் கழற்றிப் பாருங்கள்.

கண்ணாடி மட்டும் போட்டால் போதாதா? ஜி.ஐ. தகடு வெட்டலாமா?

40 முதல் 60 ஆம்பியருக்குக் குறைந்தது 6ஆம் எண் நிழற்கண்ணாடி வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி கணக்கில் வராது. வேடிக்கை பார்க்க நிற்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும் என்பதால், வெட்டும்போது பட்டறைக் கதவைச் சாத்திவிடுகிறேன், எதிர்ச் சுவரின் ஜன்னல்களையும் வெளியேற்றும் மின்விசிறியையும் திறந்துவைக்கிறேன்.

துத்தநாக முலாம் பூசிய இரும்பான ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் புகையை இழுத்தால் அன்று இரவு குளிரும் காய்ச்சலும் வரும். எஸ்.எஸ். புகையில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட ஒன்று. இரண்டுக்கும் துணி முகமூடி பயன்படாது. நுண்துகள் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். ஜி.ஐ.யை நான் வெட்டுவதில்லை. எம்.எஸ்.ஸில் வெட்டிப் பிறகு முலாம் பூசக் கொடுக்கும்படி சொல்லிவிடுகிறேன்.

வெளி வேலை எடுத்தால் எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில், வீட்டு இணைப்பின் கட்டணத்தில் தொழில் நடத்தக் கூடாது; வெளி வேலை தொடர்ந்து வருமானால் இணைப்பின் வகையை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கில் பலரும் வெட்டு நீளத்தை மட்டும் மீட்டரில் அளக்கிறார்கள். மேலே எலக்ட்ரோடு பற்றிச் சொன்னதிலிருந்து தெரிந்திருக்கும், தேய்மானம் தொடக்கங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பத்து மீட்டர் நீளமுள்ள ஒரே வெட்டும், இருநூறு சிறு பூத்துளைகள் சேர்ந்த பத்து மீட்டரும் ஒன்றல்ல. நான் மீட்டருக்கு ஒரு விலையும் துளையிடலுக்கு ஒரு விலையும் தனித்தனியே எழுதிக் கொடுக்கிறேன்.

தகட்டுக்கு எடைக் கணக்கு. 3 மி.மீ. எம்.எஸ். 8க்கு 4 அடித் தகடு சுமார் 70 கிலோ வரும். ஜாலி வேலையில் அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போவது சாதாரணம். அந்தக் கழிவு கொண்டுவந்தவருக்கா, பட்டறைக்கா என்பதை வெட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.